கெத்செமனேயை மரங்களில் கண்டவர்



நம்மில் அநேகருடைய வீட்டுச் சுவரிலோ, பழைய நாட்காட்டியிலோ, வேதாகமத்தின் பக்கங்களுக்கிடையே வைத்த சிறு அட்டையிலோ அந்தப் படம் இருக்கும். இரவு நேரம். ஒரு பெரிய பாறை. அதன்மேல் கைகளைக் கோர்த்து, முழங்காற்படியிட்டு ஜெபிக்கிற ஆண்டவர். மேலேயிருந்து அவருடைய முகத்தின்மேல் இறங்குகிற ஒளி. அது ஜெர்மானிய ஓவியர் ஹைன்ரிக் ஹோஃப்மன் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தீட்டிய கெத்செமனே. மூல ஓவியம் இன்று நியூயார்க் நகரின் ரிவர்சைடு ஆலயத்தில் இருக்கிறது. அதன் படிகள் உலகம் முழுவதும் பரவி, கெத்செமனே என்றவுடன் நம் மனக்கண்ணில் எழும் காட்சியாகவே நிலைத்துவிட்டன.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில், பிரான்சு தேசத்தின் தென்பகுதியில், மனநோயாளிகளுக்கான ஒரு மருத்துவமனையில் தங்கியிருந்த மற்றொரு ஓவியரும் கெத்செமனேயைக் குறித்துச் சிந்தித்துக்கொண்டிருந்தார். அவருடைய படங்களில் ஆண்டவர் இல்லை, தூதன் இல்லை, நித்திரை செய்கிற சீஷர்களும் இல்லை. முறுக்கிக்கொண்டு நிற்கிற ஒலிவமரங்களும், சிவந்த மண்ணும், நீல நிழல்களுமே அங்கே இருந்தன. அவர் பெயர் வின்சென்ட் வான்கோ.

கிறிஸ்துவின் உருவமே இல்லாத ஒரு தோப்பு கிறிஸ்துவின் வியாகுலத்தை நமக்குச் சொல்லக்கூடுமா? இக்கேள்வியின்பேரில் அவருக்கும் அவருடைய நண்பர்கள் இருவருக்கும் 1889-ஆம் ஆண்டின் இறுதியில் கருத்து வேறுபாடு உண்டாயிற்று. அது ஓவியர்களுக்குள் எழுந்த தொழில் வழக்காக மட்டும் முடிந்துவிடவில்லை. துக்கத்தின் நடுவில் ஒரு மனிதன் எதைப் பார்க்கிறான், எதை உண்மையாய்ச் சொல்லக்கூடும் என்பதே அதன் அடியில் இருந்த காரியம். இந்த வாரம் அதைச் சற்று நிதானமாய் ஆராய்ந்து பார்ப்போம்.

கண் கண்டதும் உள்ளம் கண்டதும்

முதலில் காலப் பின்னணியைச் சுருக்கமாய் அறிந்துகொள்வது நலம். 1874-ஆம் ஆண்டு பாரீஸ் நகரில் சில ஓவியர்கள் தங்கள் படங்களைத் தனியே காட்சிக்கு வைத்தார்கள். இம்ப்ரெஷனிசம் என்னும் பெயர் அவர்களுக்கு அதன்பின் ஏற்பட்டது. ஆற்றுநீரின்மேல் மின்னும் ஒளி, மாறிக்கொண்டேயிருக்கும் மேகம், பனிமூடிய காலை ஆகியவை ஒரு கணத்தில் கண்ணுக்கு எப்படித் தோன்றுகின்றனவோ அப்படியே தீட்டுவது அவர்கள் நோக்கம். அவர்களுக்குப்பின் வந்த தலைமுறைக்கு அது போதவில்லை. கண் கண்டதை வைத்து உள்ளம் கண்டதையும் சொல்லவேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள். மரம் மரமாகவே இருக்கவேண்டும். ஆயினும் அது துயரத்தையும், நம்பிக்கையையும், காத்திருத்தலையும் தாங்கி நிற்கவேண்டும். செசான், கோகன், வான்கோ முதலியோரைச் சேர்த்துச் சுட்ட, ஆங்கிலேயக் கலை விமர்சகர் ரோஜர் ஃப்ரை 1910-இல் லண்டனில் நடத்திய கண்காட்சியின்போது போஸ்ட் இம்ப்ரெஷனிசம், அதாவது இம்ப்ரெஷனிசத்துக்குப் பிந்தையது, என்னும் பெயர் வழக்கில் வந்தது. அப்பெயர் பிறந்தபோது அம்மூவரும் உயிரோடில்லை.

இவர்களில் பால் கோகன் 1888-இல் தீட்டிய ஒரு படம் நமக்குச் சுவையானது. பிரான்சின் பிரெத்தான் பகுதியில், ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்த கிராமத்துப் பெண்கள், வெள்ளைத் தலையணிகளோடு கண்மூடி ஜெபிக்கிறார்கள். அவர்களுக்கு எதிரே, சற்றுமுன் பிரசங்கத்தில் கேட்ட யாக்கோபு தேவதூதனோடு போராடுகிறான். தரை முழுவதும் செந்நிறம். பெண்களுக்கும் அந்தத் தரிசனத்துக்கும் நடுவே ஒரு மரம் சாய்ந்து நின்று படத்தை இரண்டாகப் பிரிக்கிறது. இப்பால் கண்ணுக்குத் தெரியும் உலகம். அப்பால் விசுவாசத்துக்குத் தெரியும் உலகம். கோகன் இதை அருகிலிருந்த நிசோன் என்ற ஊரின் ஆலயத்துக்குக் காணிக்கையாய்க் கொடுக்க முன்வந்தார். அங்கிருந்த குருவானவர் அதை ஏற்க மறுத்துவிட்டார்.

போதகரின் மகன்

வான்கோவின் கதை ஒரு போதகரின் இல்லத்தில் தொடங்குகிறது. 1853-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் தேதி, நெதர்லாந்தின் சுண்டெர்ட் என்ற கிராமத்தில் பிறந்தார். தந்தை தியோடோரஸ் டச்சு சீர்திருத்த சபையின் போதகர். வயல்களுக்கு நடுவே இருந்த சிறு சபை அது. வேதாகமத்தின் உவமைகளும் கோதுமை வயல்களும் அந்தச் சிறுவனின் மனதில் ஒன்றாகவே வளர்ந்தன.

இளமையில் அவர் ஊழியத்துக்கே தம்மை ஒப்புக்கொடுக்க வாஞ்சித்தார். 1876-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், இங்கிலாந்தின் ரிச்மண்டில் ஒரு மெதடிஸ்ட் ஆலயத்தில் தமது முதல் பிரசங்கத்தைச் செய்தபோது அவருக்கு வயது 23. தெரிந்துகொண்ட வசனம் சங்கீதம் 119:19. பூமியில் தன்னைப் பரதேசியாகக் காண்கிற பக்தனின் விண்ணப்பம் அது. அந்தப் பிரசங்கத்தின் முடிவில் அவர் தாம் கண்டிருந்த ஓர் ஓவியத்தைச் சபைக்கு விவரித்தார். மாலைநேர நிலவெளி, நெடுந்தூரம் செல்லும் பாதை, மலையுச்சியில் மறையும் சூரியனின் ஒளியில் தெரியும் நகரம், கோலூன்றி நடக்கிற ஒரு யாத்திரிகன். பின்னாளில் ஓவியராகப்போகிறவர், போதகராக நின்றபோதே ஒரு நிலக்காட்சியைக்கொண்டு சத்தியத்தை விளக்கினார் என்பதைக் கவனியுங்கள்.

ஆம்ஸ்டர்டாமில் இறையியல் கல்விக்கான நுழைவுத் தேர்வுக்கு ஆயத்தப்பட்டார், அது நிறைவேறவில்லை. 1878-இன் இறுதியில் பெல்ஜியத்தின் போரினாஜ் என்ற நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குச் சென்றார். 1879 தொடக்கத்தில் ஆறு மாதத்துக்குத் தற்காலிக சுவிசேஷகராக நியமனம் பெற்றார். சுரங்கத் தொழிலாளரின் வறுமையைக் கண்டு, தம்முடைய நல்ல உடைகளைக் கொடுத்துவிட்டு, ஒரு குடிசையில் அவர்களைப்போலவே வாழ்ந்தார். வியாதியஸ்தரைப் பராமரித்தார். ஆனால் அவரை அனுப்பிய குழுவினர், அவருக்குப் பேச்சுவன்மை போதாது என்றும், அவருடைய நடக்கை மிதமிஞ்சியது என்றும் கருதி, நியமனத்தைப் புதுப்பிக்கவில்லை.

பிரியமானவர்களே, இதை வாசிக்கும்போது ஊழியக்காரனாகிய என் மனம் கலங்குகிறது. அந்தக் குழுவினர் பொல்லாதவர்கள் அல்லர், ஒழுங்கை விரும்பியவர்கள். ஆயினும் தனக்குரியதையெல்லாம் கொடுத்துவிட்ட ஓர் இளைஞனை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. நம் சபைகளிலும் இப்படிப்பட்ட பிள்ளைகள் உண்டு. அவர்களுடைய வைராக்கியம் நம்மைச் சங்கடப்படுத்துகிறது. நாமும் அவர்களைக் கண்ணியமான வார்த்தைகளால் வாசலுக்கு வெளியே அனுப்பிவிடக்கூடும்.

1880-ஆம் ஆண்டு, 27 வயதில், வான்கோ ஓவியராவதென்று தீர்மானித்தார். காலப்போக்கில் தந்தையின் சபையை விட்டு விலகினார். அதன்பேரில் கசப்பாகவும் எழுதினார். 1885-இல் தந்தை மரித்தபின், அவருடைய பெரிய வேதாகமத்தைத் திறந்து வைத்து ஒரு படம் தீட்டினார். திறந்திருக்கிற பகுதி ஏசாயா 53. அருகே அணைந்துபோன ஒரு மெழுகுவர்த்தி. அதன் முன்னே எமில் சோலாவின் நாவல் ஒன்று. தந்தைக்கும் மகனுக்கும் நடுவே இருந்த தூரம் முழுவதும் அந்த ஒரு மேசையின்மேல் இருக்கிறது. ஆனாலும் தந்தையின் வேதாகமத்தை அவர் திறந்த பக்கம், துக்கம் நிறைந்தவராகிய தாசனைக் குறித்த பக்கம் என்பதை நாம் மறக்கலாகாது.

விதைக்கிறவனும் அறுக்கிறவனும்

1888 பிப்ரவரியில் வான்கோ பிரான்சின் தெற்கே ஆர்ல் நகருக்குச் சென்றார். அங்கேதான் அவருடைய நிலக்காட்சிகளில் இயற்கை முழுக்குரலில் பேசத் தொடங்கியது. அவர் மீண்டும் மீண்டும் கையாண்ட பொருள் விதைக்கிறவன். மில்லே என்ற மூத்த ஓவியர் 1850-இல் தீட்டிய விதைக்கிறவனை அவர் ஆரம்ப நாட்களிலேயே பார்த்து வரைந்து பழகியிருந்தார். ஆர்லில் அதைத் தம்முடைய நிறங்களில் தீட்டினார். 1888 ஜூன் மாதப் படத்தில் உழுத மண் ஊதா நிறம், வானம் மஞ்சள், அடிவானத்தில் பெரிய சூரியன். அதே ஆண்டு நவம்பரில் தீட்டியதில் சூரியன் விதைக்கிறவனுடைய தலைக்குப் பின்னால், பரிசுத்தவான்களின் படங்களில் காணும் ஒளிவட்டம்போல நிற்கிறது.

இது தற்செயலாய் அமைந்தது என்று நினைக்க இடமில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் தம் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில், முற்காலத்தில் ஒளிவட்டம் எதைக் குறித்ததோ அந்த நித்தியத்தின் சாயலைத் தாம் சாதாரண மனிதர்களுக்குக் கொடுக்க விரும்புவதாகவும், அதை நிறங்களின் பிரகாசத்தாலும் அதிர்வாலும் செய்ய முயல்வதாகவும் அவர் தெரிவித்தார். பொன் வளையத்தை வரைவதற்குப் பதிலாகச் சூரியனையே அவர் எடுத்துக்கொண்டார். ஊரும் பேரும் அறியப்படாத ஒரு கூலியாளின் தலைக்கு அது கிடைத்தது.

விதைப்புக்கு இணையாக அறுப்பும் வந்தது. அடுத்த ஆண்டு, மருத்துவமனையில் இருந்த அவருடைய அறையின் இரும்புக் கம்பியிட்ட சன்னல் வழியே, சுவரால் சூழப்பட்ட ஒரு கோதுமை வயல் தெரிந்தது. அதில் அறுக்கிற ஒருவனை அவர் தீட்டினார். 1889 செப்டம்பரில் எழுதிய கடிதத்தில் அதன் பொருளைத் தாமே விளக்கினார்: அறுக்கிறவனில் தாம் மரணத்தின் சாயலைக் கண்டதாகவும், அறுக்கப்படுகிற கோதுமை மனுக்குலம் என்றும், தாம் முன்பு தீட்ட முயன்ற விதைக்கிறவனுக்கு இது எதிரிணை என்றும் எழுதினார். ஆயினும் இந்த மரணத்தில் துக்கமில்லை. எல்லாவற்றின்மேலும் பொன்னொளி பாய்கிற பட்டப்பகலில் அது நடக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டார். இருளும் எலும்புக்கூடுமாக மரணத்தை வரைந்து பழகிய ஐரோப்பாவில், ஒருவர் அதை விளைந்த வயலிலும் வெயிலிலும் கண்டார். கோதுமை மணியைக் குறித்து ஆண்டவர் சொன்னதை, யோவான் 12-ஆம் அதிகாரத்தில், சிறுவயதுமுதல் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு அது இயல்பான பார்வை.

சுரண்டி எடுக்கப்பட்ட இரண்டு படங்கள்

இப்பொழுது கெத்செமனேக்கு வருவோம். 1888 ஜூலையில் வான்கோ உண்மையாகவே கெத்செமனேயில் கிறிஸ்துவைத் தீட்டினார். நீலமும் செம்மஞ்சளுமான ஆண்டவரின் உருவம், மஞ்சள் நிறத்தில் தூதன், சிவந்த நிலம், பச்சையும் நீலமுமான குன்றுகள், எலுமிச்சை நிற வானம். தீட்டி முடித்தபின் அதைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டார். செப்டம்பரில் மறுபடியும் முயன்றார்; இம்முறை விண்மீன்கள் நிறைந்த இரவு. அதையும் சுரண்டி அழித்தார்.

காரணம் என்ன? இத்தனை முக்கியமான உருவங்களை, எதிரில் ஒரு மாதிரி இல்லாமல் தாம் தீட்டக்கூடாது என்று அவர் தம்பிக்கு எழுதினார். அதில் ஒரு பயபக்தி இருப்பதாக நான் எண்ணுகிறேன். தான் காணாததைக் கண்டதுபோலக் காட்ட அவருடைய கை மறுத்தது.

அந்நாட்களிலேயே அவர் எழுதிய மற்றொரு செய்தியும் இதனோடு சேர்த்து நினைக்கத்தக்கது. தமக்கு மார்க்கத்தின் தேவை கடுமையாய் உண்டாகிறதென்றும், அப்பொழுது தாம் இரவில் வெளியே போய் விண்மீன்களைத் தீட்டுவதாகவும் அவர் எழுதினார். ஆலயத்துக்குப் போகாத ஒருவர், ஆலயத்தில் தேடவேண்டியதை வானத்தின்கீழ் தேடினார். இதை நாம் முன்மாதிரியாகக் கொள்ளவேண்டியதில்லை. ஆனால் அந்தத் தாகத்தின் உண்மையை மறுக்கவும் கூடாது.

சென் ரெமியின் ஒலிவத்தோப்பு

1888 டிசம்பரில், தம்மோடு தங்கியிருந்த கோகனுடன் ஏற்பட்ட பிணக்கின் நடுவே வான்கோவின் மனநிலை உடைந்தது. அவர் தமது காதையே அறுத்துக்கொண்டார். அதன்பின் நோய் திரும்பத் திரும்ப வந்தது. 1889 மே 8-ஆம் தேதி அவர் தாமே மனமுவந்து சென் ரெமி என்ற ஊரிலிருந்த மருத்துவமனையில் சேர்ந்தார். பழைய துறவிமடம் ஒன்றே மருத்துவமனையாக மாற்றப்பட்டிருந்தது. அதன் சுவர்களுக்கு வெளியே ஒலிவத்தோப்புகளும், அவற்றுக்கு அப்பால் ஆல்பில் குன்றுகளும் இருந்தன.

ஜூன் முதல் டிசம்பர் வரை ஏறக்குறைய 15 ஒலிவமரப் படங்களை அவர் தீட்டினார். ஒலிவமரத்தைத் தீட்டுவது எளிதன்று. இலையின் மேற்புறம் கரும்பச்சை; அடிப்புறம் வெள்ளி. காற்றடிக்கும்போது ஒரே மரம் பச்சையாகவும் நீலமாகவும் சாம்பலாகவும் மாறுகிறது. கீழே மண், நேரத்துக்கேற்ப மஞ்சளாகவும் இளஞ்சிவப்பாகவும் செங்காவியாகவும் தோன்றுகிறது. இந்த மாற்றங்களைப் பிடிப்பதற்காக அவர் தோப்பினுள்ளேயே நின்று உழைத்தார். அதற்கு ஒரு சிறு சாட்சி நம் நாளில் கிடைத்தது. அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியிலுள்ள நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிற ஒலிவமரப் படத்தை ஆராய்ந்தவர்கள், உலர்ந்த வர்ணத்துக்குள் சிக்கியிருந்த சிறு வெட்டுக்கிளி ஒன்றைக் கண்டார்கள். 2017-இல் அச்செய்தி வெளியாயிற்று. நூற்றிருபத்தெட்டு ஆண்டுகளாக அந்தத் தோப்பின் ஒரு துணுக்கு படத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது.

அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் நண்பர்களிடமிருந்து செய்தி வந்தது. கோகன் ஒலிவத்தோட்டத்தில் கிறிஸ்துவைத் தீட்டியிருந்தார். கைவிடப்பட்டவராய்த் தலைசாய்ந்திருக்கிற அந்தக் கிறிஸ்துவுக்குச் செந்நிறத் தலைமயிரையும், கோகன் தம்முடைய முகத்தையே கொடுத்திருந்தார். 21 வயதே ஆன எமில் பெர்னாரும் அதே பொருளிலும் வேறு வேதாகமக் காட்சிகளிலும் படங்கள் தீட்டி, அவற்றின் புகைப்படங்களை அனுப்பினார். வான்கோ மகிழ்ச்சியடையவில்லை. நவம்பர் இறுதியில் பெர்னாருக்கு நீண்ட, கடுமையான, அதேசமயம் அன்பான கடிதம் ஒன்றை எழுதினார். வியாகுலத்தை உணர்த்த வேண்டுமானால் வரலாற்றுக் கெத்செமனேயையே நேராகக் குறிவைக்கவேண்டிய அவசியமில்லை என்பது அதன் சாரம். ஆறுதலும் சாந்தமும் உள்ள படத்தைத் தீட்ட மலைப்பிரசங்கத்தின் மனிதர்களை வரையவேண்டியதில்லை என்றும் அவர் கருதினார்.

தம்முடைய கூற்றுக்குச் சான்றாக, மருத்துவமனைத் தோட்டத்தை வைத்துத் தாம் தீட்டிய ஒரு படத்தை அவர் அக்கடிதத்தில் விவரித்தார். முன்னே பெரிய அடிமரம் ஒன்று. மின்னல் தாக்கி, அறுக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் அதன் பக்கக்கிளை ஒன்று உயர எழும்பி, கரும்பச்சைத் தழைகளைச் சொரிகிறது. தாழ்த்தப்பட்ட பெருமையுள்ள ஒரு மனிதனைப்போல அந்த இருண்ட மரம் நிற்க, எதிரே வாடுகிற செடியில் கடைசி ரோஜா ஒன்று வெளிறிய புன்னகையோடு இருக்கிறது. மழைக்குப்பின் தேங்கிய நீரில் வானத்தின் மஞ்சள் தெரிகிறது. செங்காவியும், சாம்பல் கலந்து துயரமாக்கப்பட்ட பச்சையும், கறுப்புக் கோடுகளும் சேர்ந்து, தம்மோடிருந்த நோயாளிகள் சிலர் அனுபவிக்கிற திகிலை உணர்த்துவதாக அவர் எழுதினார்.

பிரியமானவர்களே, இங்கே சற்று நில்லுங்கள். ஏசாயா 11-ஆம் அதிகாரத்தில் வெட்டுண்ட அடிமரத்திலிருந்து துளிர் புறப்படுவதை நாம் கிறிஸ்து பிறப்பின் நாட்களில் தியானிக்கிறோம். வான்கோ அந்த வசனத்தைக் குறிப்பிடவில்லை. ஆகையால் அதை அவர் படத்துக்குள் நாம் நுழைக்கவேண்டாம். அவர் சொன்னது இவ்வளவே: இந்த மரம் அடிபட்டது, இந்த மரம் உயிரோடிருக்கிறது, என் பக்கத்து அறையில் இருப்பவரும் இப்படித்தான் இருக்கிறார்.

அந்த நாட்களில், குளிர்ந்து தெளிந்த வெயிலில், காலையும் மாலையும் தோப்புகளில் உழைத்து ஐந்து பெரிய ஒலிவமரப் படங்களை முடித்ததாகத் தம்பிக்குத் தெரிவித்தார். நண்பர்களுடைய கற்பனைகளுக்குப் பக்கத்தில் தம்முடையது கரடுமுரடானதுதான், ஆனாலும் அதில் மண்ணின் மணம் இருக்கும் என்று எண்ணினார். டிசம்பரில் ஒலிவப்பழம் பறிக்கிற பெண்களை, இளஞ்சிவப்பு வானத்தின்கீழ், மூன்று முறை தீட்டினார். அவற்றுள் ஒன்று தம் தாயாருக்கும் தங்கைக்கும் உரியது. வியாகுலத்தின் மரமாகிய அதே ஒலிவத்தில், ஏணி வைத்து, கூடையேந்தி, அறுவடை நடக்கிறது.

கெத்செமனே என்ற பெயருக்கு எண்ணெய்ச் செக்கு என்று பொருள். மத்தேயுவும் மாற்கும் அந்தப் பெயரைச் சொல்லுகிறார்கள். லூக்கா ஒலிவமலை என்கிறார். யோவான் ஒரு தோட்டம் என்கிறார். நால்வரும் ஆண்டவரை மரங்களின் நடுவே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அந்த இரவில் சீஷர்கள் நித்திரையாயிருந்தார்கள், மரங்கள் நின்றன.

லாசருவின்மேல் உதித்த சூரியன்

வான்கோ கிறிஸ்துவின் உருவத்தை எப்போதுமே தவிர்த்தார் என்று எண்ணிவிடக்கூடாது. 1889 செப்டம்பரில் டெலக்ருவாவின் படத்தைப் பின்பற்றி, சிலுவையிலிருந்து இறக்கப்பட்ட ஆண்டவரையும் அவருடைய தாயாரையும் தீட்டினார். மற்றொரு ஓவியரின் படம் முன்னே இருந்தபோது அவருக்கு அது கூடிற்று.

ஆனால் 1890 மே மாதத்தில், மருத்துவமனையை விட்டுப் புறப்படும் முன், ரெம்பிராண்டின் லாசரு உயிர்த்தெழுதல் என்ற செதுக்கோவியத்தின் ஒரு பகுதியை நிறங்களில் தீட்டினார். ரெம்பிராண்டின் படத்தில் கல்லறையின்மேல் கரம் உயர்த்தி நிற்கிறவர் கிறிஸ்து. வான்கோ லாசருவையும் அவனுடைய சகோதரிகளையும் மட்டும் எடுத்துக்கொண்டார். கிறிஸ்துவின் உருவம் இல்லை. வானத்தில் பெரிய மஞ்சள் சூரியன் இருக்கிறது. எழுந்திருக்கிற லாசருவுக்குச் செந்தாடி. அது வான்கோவின் தாடியே என்று பார்க்கிறவர்கள் சொல்லுகிறார்கள்.

சூரியன் கிறிஸ்துவுக்கு ஈடாகுமா? ஆகாது. படைப்பு படைத்தவரைக் குறித்துப் பேசும் என்று 19-ஆம் சங்கீதமும், ரோமர் முதலாம் அதிகாரமும் போதிக்கின்றன. ஆனால் லாசருவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட சத்தம் சூரியனுக்கு இல்லை. இந்த வேறுபாட்டை ஒரு போதகனாக நான் சொல்லாமல் விடக்கூடாது. அதே வேளையில், நீண்ட நோயின் இருளிலிருந்து எழும்ப விரும்பிய ஒருவர், தம்மை லாசருவின் இடத்தில் வைத்து, ஒளி வரும் திசையை நோக்கினார் என்பதை நான் இலேசாய் எண்ணவும் மாட்டேன்.

நாம் கற்றுக்கொள்ளுவது

இப்படங்களைக் குறித்து இரண்டு எளிய வழிகள் நமக்கு முன்னே உண்டு. ஒன்று, எல்லாவற்றையும் இரகசியக் குறியீடாக்கிவிடுவது: சைப்ரஸ் மரம் என்றால் மரணம், விண்மீன்கள் பதினொன்று என்றால் யோசேப்பின் சொப்பனம் என்று பட்டியலிடுவது. வான்கோ தம் கடிதங்களில் சைப்ரஸ் மரத்தைக் குறித்து எழுதும்போது, அது எகிப்தியத் தூணைப்போல எவ்வளவு அழகிய கோடும் அளவும் உடையது என்றே வியக்கிறார். மற்றொன்று, அவர் சபையை விட்டு விலகினவர், மனநோயாளி, ஆகையால் நமக்குச் சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை என்று தள்ளிவிடுவது. இரண்டிலும் அந்த மனிதரை நாம் பார்க்கத் தவறுகிறோம்.

அவர் செய்ததை நான் இப்படிப் புரிந்துகொள்ளுகிறேன். தமக்கு முன்னே இருந்த மரத்தை அவர் முழுக்கவனத்தோடு பார்த்தார். அந்தக் கவனத்துக்குள் தம்முடைய துயரத்தை ஒளிக்காமல் வைத்தார். மரம் அதைத் தாங்கிற்று. நம்முடைய ஆண்டவரும் ஆகாயத்துப் பறவைகளையும் காட்டுப்புஷ்பங்களையும் கவனித்துப் பார்க்கும்படி சொன்னபோது, கவலையினால் சோர்ந்திருந்தவர்களிடத்திலேயே அதைச் சொன்னார்.

உங்களில் சிலர் இப்பொழுது ஜெபிக்க வார்த்தையில்லாமல் இருக்கிறீர்கள் என்பதை நான் அறிவேன். படுக்கையருகே அமர்ந்திருக்கிறீர்கள், அல்லது உங்கள் சொந்த மனமே உங்களுக்கு விரோதமாய் எழும்புகிறது. அப்படிப்பட்ட நாளில் பெரிய தரிசனம் ஒன்று வரவேண்டுமென்று உங்களை வருத்திக்கொள்ளாதிருங்கள். மருத்துவமனை வளாகத்தில் நிற்கிற ஒரு மரத்தை ஐந்து நிமிடம் பாருங்கள். அதன் வெட்டுக்காயத்தைப் பாருங்கள். அதற்கு அருகே துளிர்த்திருப்பதையும் பாருங்கள். உங்களுக்குள் இருப்பதை அப்படியே தேவனுக்கு முன்பாக வையுங்கள். அதுவும் ஜெபமே.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். 1890 ஜூலை 27-ஆம் தேதி, பாரீசுக்கு அருகே ஓவேர் என்ற ஊரில், வான்கோ தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார். 29-ஆம் தேதி, தம்பி தியோ அருகிலிருக்க மரித்தார். வயது 37. ஆறு மாதங்களுக்குள் தியோவும் மரித்தார். அவருடைய நோய் அவருடைய படங்களைத் தீட்டவில்லை. நோய் தணிந்த நாட்களில் அவர் உழைத்துத் தீட்டினார். நோய் அந்த நாட்களை அவரிடமிருந்து பறித்தது. 1890 பிப்ரவரியில், தம்பியின் பிறந்த குழந்தைக்காக, நீல வானத்தின்கீழ் பூத்த வாதுமைக் கிளைகளைத் தீட்டினார். அந்தப் படத்தோடு அவர் நோயுற்று விழுந்தார், மரங்கள் பூத்து முடிந்தபின்தான் எழும்பினார். ஆகையால் மனநோயை அழகுபடுத்திப் பேசாதிருப்போமாக. அவர் தாமாகவே மருத்துவமனையைத் தேடிச் சென்றார் என்பதை நினையுங்கள். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு அன்று. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உங்களுக்கு வருமானால், இன்றே ஒருவரிடம் வாய்திறந்து சொல்லுங்கள்; எந்த நேரமானாலும் என் வீட்டுக் கதவையும் தட்டலாம்.

சபையாகிய நமக்கும் ஒரு பொறுப்பு உண்டு. போரினாஜில் ஒரு குழு கைவிட்ட இளைஞனுக்கு, அதன்பின் பத்து ஆண்டுகள் ஒரு தம்பி பணமும் கடிதமும் பொறுமையும் அனுப்பிக்கொண்டிருந்தான். ஒலிவத்தோப்புகளும் விதைக்கிறவனும் இன்று உலகத்துக்கு இருப்பது அந்தத் தம்பியினால். கெத்செமனேயில் ஆண்டவர் மூன்று சீஷர்களிடம் கேட்டது, ஒருமணி நேரம் தம்மோடு விழித்திருப்பதையே. நம் நடுவில் வியாகுலப்படுகிற ஒருவரோடு இந்த வாரம் அந்த ஒருமணி நேரத்தைச் செலவிடுவோம்.

மாற்கு 14-ஆம் அதிகாரத்தில் தோட்டத்தின் பகுதியை இவ்வாரம் மெதுவாய் வாசியுங்கள். வாசிக்கும்போது அந்த மரங்களையும் மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள்: முறுக்கிய அடிமரம், வெள்ளி இலைகள், சிவந்த மண். அவற்றின் நடுவே முகங்குப்புற விழுந்து ஜெபித்தவர் நம்முடைய வியாகுலத்தையும் அறிந்திருக்கிறார். அவருடைய சமாதானம் உங்கள் இல்லங்களில் தங்கியிருப்பதாக. ஆமென்.